அம்மன் நகையும் ஆகஸ்ட் பதினாறும்

பேங்க் என்றாலே எனக்கு ஆகாது. கடலூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன் நான். மாதாமாதம் சம்பளப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு கவுன்டரில் நின்று நின்றே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. ரிட்டயர் ஆன அன்று, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அந்தச் சபதத்தைக் கெடுத்ததும் நான்தான். பாண்டிச்சேரி எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர் மாரியம்மனின் நகைகளை பேங்க் லாக்கரில் வைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்தது நான்.

திறக்காமல் இருந்திருக்கவும் முடியாது. நகை அப்போது தர்மகர்த்தா வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. வெள்ளி முகக் கவசம், தாலிச் சங்கிலி, மூக்குத்தி, தங்கப் பொட்டு ஒன்று. ஒரு வருஷம் திருவிழா முடிந்து எடுத்துவைக்கும்போது பொட்டைக் காணோம். கிழக்குத் தெரு மேற்குத் தெருவைப் பார்த்தது, மேற்குத் தெரு கிழக்குத் தெருவைப் பார்த்தது. மூன்று நாள் யார் வீட்டிலும் சரியாக அடுப்பு எரியவில்லை. நாலாம் நாள் அம்மனுக்குச் சாத்திய பழைய புடவையை உதறியபோது மடிப்பிலிருந்து பொட்டு விழுந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த மூன்று நாளில் பேசிய பேச்சு பேசியதுதான், அதை எந்தப் புடவையை உதறியும் திருப்பி எடுக்க முடியாது.

அதனால்தான் லாக்கர். தெருவுக்கு ஒருவர் என்று இரண்டு பேர் பெயரில் எடுத்தோம். இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும். மேற்குத் தெருவுக்கு நான். கிழக்குத் தெருவுக்கு அவர்கள் அனுப்பிய ஆள், என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு கரும்பு விவசாயி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரு காலத்தில் நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கரும்பு லாரி போக வேண்டும் என்று என்னைக் கேட்காமல் என் வரப்பை வெட்டினார், நான் தாசில்தார் வரைக்கும் போனேன். அத்தோடு எல்லாம் போயிற்று. ஊர் எங்கள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவேதான் காரணம். பேசிக்கொள்ளாதவர்கள் கூட்டுச் சேர்ந்து திருட மாட்டார்கள் அல்லவா. சாவி அவரிடம், பாஸ்புக் என்னிடம்.

இன்னொரு கட்டுப்பாடும் போட்டார்கள். லாக்கரை விட்டு வெளியே வந்த நகை அம்மன் மேலேதான் இருக்க வேண்டும், எவர் வீட்டிலும் ஒரு ராத்திரி தங்கக் கூடாது. அதனால் ஆடிக் கடைசி வெள்ளி அன்று, திருவிழா நாளிலேயே போய் எடுத்து வருவோம். ராத்திரி முழுக்க இரண்டு தெருக்காரர்களும் கோயிலில் விழித்திருப்பார்கள். மறுநாளோ, அதற்கடுத்த வேலைநாளோ கொண்டுபோய் வைத்துவிடுவோம். வெள்ளிக்கிழமை அம்மனுக்கும் உகந்தது, பேங்குக்கும் வேலைநாள். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான் என்று ஊரில் நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு.

அந்த பேங்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசாங்க பேங்க், எங்கள் பக்கத்தில் அதற்குப் பெரிய பேங்க் என்று பெயர். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர், கூட்டு ரோட்டில் இருக்கிறது. அதன் பூர்வீகத்தைச் சட்டம் போட்டு உள்ளே சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வேறு பெயரில் தொடங்கியது, அரசாங்கத்தின் கைக்கு வந்தது, சின்ன பேங்குகளைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது என்று போகும். டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அதை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். பயிர்க்கடன், நகைக்கடன், முதியோர் பென்ஷன், பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப், எல்லாம் அங்கேதான். பாஸ்புக்கில் வரி அடிக்கும் மிஷின் ஒன்று வாசல் ஓரம் நிற்கும், அதற்கு மனசு இருந்தால் அடிக்கும். காலை பத்து முதல் மாலை நாலு. இரண்டு முதல் இரண்டரை சாப்பாடு. லாக்கர் மூன்றரைக்கு மேல் கிடையாது. இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவு. இத்தனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. அந்த வருஷம் ஆடிக் கடைசி வெள்ளி ஆகஸ்ட் பதினாறில் வந்தது. என் வீட்டுச் சுவரில் தொங்குவது கடலூர் ஜவுளிக்கடை ஒன்று இனாமாகக் கொடுத்த நாள்காட்டி. அதில் பதினைந்தாம் தேதிக்குச் சிவப்பு, பதினாறுக்குக் கறுப்பு. தமிழ்நாட்டில் அச்சடித்த காலண்டருக்குப் பாண்டிச்சேரியின் லீவு எப்படித் தெரியும். பதினாறாம் தேதி எங்கள் பிரதேசம் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் என்பதும், வருஷா வருஷம் கீழூரில் கொடி ஏற்றுவார்கள் என்பதும் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் முப்பத்தோரு வருஷம் தமிழ்நாட்டு லீவில் பிழைத்த மூளை அது. பதினாறாம் தேதி என்றால் அதற்குப் பள்ளிக்கூடம் உண்டு.

அன்று காலை பத்து மணிக்கு மருமகள் வீட்டில் இருந்தாள். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்க்கிறவள், திருவிழாவுக்காக லீவு போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அது கழிந்ததும் பேங்குக்குக் கிளம்பலாம் என்று வேட்டியை மாற்றிக்கொண்டு, பாஸ்புக்கை எடுத்து மஞ்சள் பையில் வைத்தேன். எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டாள். சொன்னேன்.

"மாமா, இன்னிக்கு நமக்கு லீவு. பேங்க்கும் இருக்காது" என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் செல்போனைத் தேய்த்து ஒரு பட்டியலைக் காட்டினாள். ஆகஸ்ட் பதினாறு, புதுச்சேரியில் வங்கிகளுக்கு விடுமுறை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் படித்தேன், அதுவேதான் இருந்தது. பேங்க் நம்பருக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அந்த போனை நல்ல நாளிலேயே யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை, ஆனால் அன்றைக்கு அதுவே சாட்சி என்று தோன்றியது.

அப்படியும் மனசு கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கரியமாணிக்கம் வரை போய்ப் பார்த்தேன். அங்கே வேறொரு பேங்க் இருக்கிறது. ஷட்டர் தரையோடு தரையாக மூடிக் கிடந்தது, அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. சரி, முடிந்தது கதை என்று திரும்பினேன். கூட்டு ரோடு வரை போய்ப் பார்த்திருந்தால் என்ன என்று இப்போது கேட்பீர்கள். ஒரு பேங்குக்கு லீவு என்றால் எல்லா பேங்குக்கும் லீவு என்ற அறிவுதான் அன்று எனக்கு இருந்தது.

கோயிலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பந்தலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள், நகை எப்போது வரும் என்று கேட்டார்கள். வரும் வரும் என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன். ஆறு மணிக்கு ஊர்வலம் புறப்பட வேண்டும். கவசமும் தாலியும் இல்லாமல் அம்மனைத் தெருவில் இறக்க மாட்டார்கள், அது அபசகுனம். ஊர்வலம் நின்றால் இரண்டு தெருவும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லாக்கர் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னோமே என்பார்கள். சொல்லப்போனால் ஊர் எனக்காகச் செய்த ஒரே காரியம், என் பேச்சை ஒரு தடவை கேட்டதுதான். அதுவும் இப்படியா ஆக வேண்டும் என்று கட்டிலில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டேன்.

பக்கத்து ஊர் அம்மனின் கவசத்தை இரவல் கேட்கலாமா என்று யோசித்தேன். ஆடிக் கடைசி வெள்ளியில் எந்த அம்மன் கவசத்தைக் கழற்றிக் கொடுப்பாள்? மேனேஜர் வீடு எங்கே என்று விசாரித்து அவர் காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். மருமகள் சோறு போட்டாள், இறங்கவில்லை. மணி ஒன்றரை ஆயிற்று. மனைவி ஒரு வார்த்தைதான் சொன்னாள். மறைக்கிறதால நகை வந்துடாது, கூடக் கையெழுத்துப் போடுற மனுஷன்கிட்டயாவது போய்ச் சொல்லுங்க என்றாள்.

அதுதான் எனக்குக் கசந்தது. ஒன்பது வருஷம் அந்த மனிதரின் வாசலை நான் மிதித்ததில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் பேங்க் வாசலில் அவரவர் வண்டியில் தனித்தனியாகப் போய் இறங்குவோம், கையெழுத்துப் போடுவோம், பிரிந்து திரும்புவோம். வண்டிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவர் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. யாரிடமாவது கேட்டு வாங்கினால் அதை ஊரே பேசும் என்று வாங்காமல் விட்டவன் நான். நேரில்தான் போயாக வேண்டும்.

போனேன். அவர் வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், சட்டைப் பையில் சாவியின் கயிறு வெளியே தெரிந்தது. முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. நான் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அண்ணே" என்று வந்துவிட்டது.

அவர் எழுந்துவிட்டார். அந்தச் சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை, பழைய பழக்கத்தில் நாக்கு தானாகச் சொன்னது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். காலண்டர், பதினாறாம் தேதி, மருமகள் காட்டிய பட்டியல், கரியமாணிக்கத்து ஷட்டர், தேதி பார்த்துச் சொன்னது நான்தான் என்பது, தப்பு என்னுடையதுதான் என்பது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊர் மானம் போகிறது, இந்த மனுஷனுக்குச் சிரிப்பு.

"இன்னாய்யா நீ, பிராந்திக் கடை எந்தப் பக்கம் இருக்குதுன்னு கூடவா தெரியாது?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். கூட்டு ரோட்டில் பிராந்திக் கடைகள் எல்லாம் தெற்குப் பக்கம் வரிசையாக இருக்கும். அந்தப் பக்கம்தான் பாண்டி. வடக்குப் பக்கம் ஒரு கடை கிடையாது, தனி ஆள் வைக்கவும் முடியாது, ஏனென்றால் அது தமிழ்நாடு. பேங்க் இருப்பது வடக்குப் பக்கம். குடிக்கிறவன் எவனைக் கேட்டாலும் எல்லை எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான் என்றார். நான் பார்த்துவிட்டு வந்த கரியமாணிக்கம் பாண்டிக்குள் இருக்கிறது, தமிழ்நாட்டு பேங்குக்குப் பாண்டி லீவு கிடையாது.

நான் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்தேன். முதல் பக்கத்தில், பேங்கின் விலாசத்துக்குக் கீழே, கடலூர் மாவட்டம் என்று அச்சாகியிருந்தது. ஐந்து வருஷமாக என் பீரோவில் இருக்கும் பாஸ்புக் அது. ஊருக்கெல்லாம் மனுவும் விண்ணப்பமும் எழுதிக் கொடுக்கிறவன், இதை ஒரு நாளும் படித்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டு ரோட்டுக்குப் போனால் மாநிலம் மாறிவிட்டோம் என்று நினைப்பதே இல்லை. ரோட்டைக் கடந்தோம் என்றுதான் நினைப்போம்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார். அவர் மனைவி கதவருகே நின்றிருந்தார். பிறகு அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பன்னண்டு மணியிலேருந்து சட்டையை மாட்டிக்கினு ஒக்காந்திருக்கேன். கோயில் பக்கத்துலேருந்து நீ வண்டியில நிக்காம போனேன்னு வந்து சொன்னாங்க. என்னோட வர்றதுக்குப் புடிக்காம நீ இழுத்தடிக்கிறியோன்னு நெனச்சேன். ஊர்க்கூட்டத்தைக் கூட்டிடலாம்னுதான் இருந்தேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று ஐம்பது. மூன்றுக்கு எமகண்டம் ஆரம்பம், அது நாலரை வரை. எமகண்டத்தில் அம்மன் நகையைத் தொட எங்கள் ஊரில் யாரும் துணிய மாட்டார்கள், அதற்குப் பிறகு லாக்கர் கிடையாது. அவர் வண்டியில் பெட்ரோல் இருக்கிறதோ என்னவோ என்று முணுமுணுத்தார். என்னுடையதிலேயே ஏறுங்கள் என்றேன். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் என் பின்னால் உட்கார்ந்தார், கனமான மனிதர், ஸ்கூட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கூட்டு ரோட்டில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் பார்த்தேன். தெற்கே பிராந்திக் கடைகள் ஒன்று, இரண்டு, மூன்று. வடக்கே உரக்கடை, டீக்கடை, பேங்க். பேங்க் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இவரும் சேர்ந்து ஏமாந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. செக்யூரிட்டி ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் பெரியவரே, இரண்டரைக்கு வாங்க என்றார். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து என்ன நினைத்தாரோ, வெயிலில் நிற்காதீர்கள், உள்ளே வந்து உட்காருங்கள் என்று ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினார்.

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பார் வாசனை வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு வந்த நிம்மதியை என் கல்யாணத்தில்கூட நான் அனுபவித்ததில்லை, மனைவி படித்தாலும் பரவாயில்லை. திறந்திருக்கிறது. பேங்க் திறந்திருக்கிறது. சுவரில் தொங்கும் பேங்கின் பூர்வீகத்தை மறுபடி படித்தேன், அன்றைக்கு அது ஸ்தல புராணம் மாதிரி இருந்தது.

லாக்கர் சாவியை வைத்திருக்கும் அதிகாரியம்மா இரண்டு இருபத்தைந்துக்கே டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். பதிவேட்டை நீட்டினார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். அதிகாரியம்மா பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சார், இது உங்களுடையதுதானா என்று கேட்டார். அவசரத்தில் அப்படிக் கிறுக்கியிருந்தேன். முப்பத்தோரு வருஷம் ஊரான் கையெழுத்தைச் சரிபார்த்தவனுக்கு இந்தக் கதி. அண்ணன் என் முதுகில் கை வைத்தார். "பொறுமையா போடு. இன்னும் நேரம் இருக்குது" என்றார். இரண்டாவது தடவை சரியாக விழுந்தது.

அதிகாரியம்மா தன் சாவியைத் திருப்பிவிட்டு வெளியே போனார். அண்ணன் எங்கள் சாவியைத் திருப்பினார். பட்டுத் துணியைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கவசம், தாலிச் சங்கிலி, மூக்குத்தி. பொட்டு ஒரு சின்ன டப்பாவில் தனியாக. நான் அழுதுவிட்டேன், அதை ஒளிப்பானேன். அவர் பார்க்காத மாதிரி துணியை மடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பேங்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்றாக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

திரும்பும்போது மஞ்சள் பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் அவ்வளவாகப் பேசவில்லை. கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்கிறதா என்று நான் கேட்டேன், எங்கே கிடைக்கிறது என்றார். ஒன்பது வருஷத்துக்குச் சேர்த்து அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் ஊர் நெருங்க நெருங்க எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டரைக்கு வர வேண்டிய நகை இரண்டு ஐம்பதுக்குப் போகிறது. ஏன் என்று கேட்பார்கள். காலண்டர் பார்த்ததில் என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். சொன்னால் அடுத்த வருஷம் லாக்கர் இருக்காது என்றும் தெரியும்.

கோயிலில் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்துப் பூக்கட்டும் பெண்கள் கையை நிறுத்தினார்கள். பையை இரண்டு பேருமாகப் பூசாரியிடம் கொடுத்தோம். எமகண்டம் கழிந்து சாத்துகிறேன் என்று அவர் சன்னதிக்குள் வைத்தார். தர்மகர்த்தா என்னைப் பார்த்துத்தான் கேட்டார், ஏன் இவ்வளவு தாமதம், ரெண்டு பக்கமும் ஜனங்க தப்புத் தப்பாப் பேச ஆரம்பிச்சிட்டாங்க என்று. நான் வாயைத் திறந்தேன்.

"பேங்க்ல ஒரே கூட்டம்" என்றார் அண்ணன், எனக்கு முன்னால். "அப்பறம் சாப்பாட்டு நேரம்னு ஷட்டரை எறக்கிட்டாங்க. இவரு பன்னண்டுக்கே ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்தாரு, அப்பறம் ரெண்டு பேருமா அங்கதான் குந்தியிருந்தோம்."

தர்மகர்த்தா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. எனக்குத் தோளிலிருந்து மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. சன்னதிக்கு நேர் எதிரில் நின்றிருந்தோம். வயதான காலத்தில் என் பொருட்டு இந்த மனிதர் பாவத்தைத் தேடிக்கொள்கிறாரே என்று பட்டது. அம்மன் எதிரில் நின்று பொய் சொல்கிறீர்களே அண்ணே என்று அவர் காதில் சொன்னேன்.

அவர் அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"அவளுக்குத் தெரியும். ஊருக்கு எதுக்கு?" என்றார்.